ஏழு மில்லிமீற்றரின் தொண்ணூறு வருசம்

பப்ஜி விளையாடின ஆக்களுக்கு இரண்டு இலக்கங்கள் நித்திரையிலயும் தெரியும்: 5.56, 7.62. பை நிறைஞ்சால் எதை எறியிறது, எதை வைச்சிருக்கிறது எண்டு அரைச் செக்கனில முடிவெடுக்க வைக்கிற இலக்கங்கள். ஆனால் ஏன் 5.56? ஏன் 6 இல்லை, 7 இல்லை? விளையாடேக்க இந்தக் கேள்வி எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைச் சாதாரணமாகக் கடைக்குப் போகிற ஆக்கள் கேட்கிறார்கள். அங்கே ஏஆர்-15 என்ற துவக்கு, அரைத் தானியங்கி வடிவில் பொதுமக்களுக்கு விற்கப்படுகிறது. விசையை ஒருதரம் இழுத்தால் ஒரு வெடி. அடுத்த ரவையைத் துவக்கே ஏற்றிக்கொள்ளும். இந்தத் துவக்கின் இன்னொரு விசேசம், அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டலாம். மேற்பகுதியைக் கழற்றி வேறொன்றைப் போட்டால் அதே துவக்கு வேறு அளவு ரவையைச் சுடும். அதனால் "உன்ர துவக்குக்கு எந்த மாற்றுக் கலிபர் நல்லது?" என்பது அங்கே, எங்கட ஆக்கள் எந்த ஃபோன் வாங்கலாம் எண்டு கதைக்கிறாப்போல, பொழுதுபோக்கான ஒரு விவாதம்.

அந்த விவாதத்தின் வரலாற்றைத் தேடிப் போனபோது எங்களுக்கு ஒரு புதினம் தட்டுப்பட்டது. ஏறக்குறைய ஏழு மில்லிமீற்றர் என்ற ஓர் அளவு 1932இல் ஒருதரம், 1951இல் ஒருதரம், 2000களின் தொடக்கத்தில் ஒருதரம், 2022இல் ஒருதரம் என்று திரும்பத் திரும்ப வருகிறது. முதல் மூன்று முறையும் பரிசோதித்தவர்கள் "இது நல்லது" என்றார்கள். மூன்று முறையும் அது பொது அளவாக ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்ற காரணங்கள்தான் இந்தக் கட்டுரை. துவக்கு வாங்க யோசிக்கிற ஆக்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

இலக்கத்தில என்ன இருக்கு?

முதலில் கொஞ்சம் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நாங்கள் பொதுவாக "ரவை" என்று சொல்வது நாலு பொருள் சேர்ந்தது: பித்தளைக் கோது, அதற்குள் வெடிமருந்து, அடியில் பொறி கிளப்புகிற சின்ன மூடி, நுனியில் சன்னம். பறந்து போவது சன்னம் மட்டும். கோது வெளியே தெறித்துக் கீழே விழும்.

7.62×51 என்று எழுதினால், முன்னுக்கு இருக்கிற இலக்கம் குழலின் உள்விட்டம், பின்னுக்கு இருக்கிறது கோதின் நீளம். இரண்டும் மில்லிமீற்றரில். முன் இலக்கத்தை அப்படியே நம்பவும் ஏலாது. அது பாதி அளவு, பாதி பெயர். 6.8 என்று பெயர் வைத்த சன்னத்தின் உண்மையான விட்டம் 7.04 மி.மீ. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அதையும் "ஏழு" கணக்கிலேயே சேர்க்கிறோம்.

பெரிய ரவை தூரம் போகும், தடித்த பொருளைத் துளைக்கும். ஆனால் தோளில் பலமாக உதைக்கும், பாரமும் கூட. 7.62×51 ரவை ஒன்று ஏறக்குறைய 24 கிராம், 5.56×45 ரவை ஒன்று ஏறக்குறைய 12 கிராம். அதாவது ஒரே பாரத்தைத் தூக்குகிற ஒரு சிப்பாய், சின்ன ரவை என்றால் இரண்டு மடங்கு கொண்டுபோகலாம். கலிபர் விவாதம் முழுக்க இந்தத் தராசில்தான் நடக்கிறது: ஒரு தட்டில் தூரமும் வலுவும், மற்றத் தட்டில் எண்ணிக்கையும் சுடுகிறவரின் தோளும். ஏழு மில்லிமீற்றர் இரண்டு தட்டுக்கும் நடுவில் நின்றது.

பன்றி, ஆடு, களஞ்சியம்

முதலாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்க இராணுவம் ஒரு அரைத் தானியங்கித் துவக்கைத் தேடியது. அதுவரை இருந்தது, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ரவை ஏற்றுகிற ஸ்பிரிங்ஃபீல்ட் துவக்கு. அதன் ரவை .30-06, 7.62×63 என்று எங்கட கணக்கில் சொல்லலாம். அந்தப் பெரிய ரவையை ஒரு அரைத் தானியங்கித் துவக்கில் போட்டால் துவக்கு பாரமாகும், சூடாகும், உதைக்கும். ஜோன் பெடர்சன் என்ற வடிவமைப்பாளர் அதற்கு ஒரு மாற்று கொண்டுவந்தார்: .276 என்ற பெயரில் ஒரு 7×51 ரவை.

சின்னச் சன்னம் ஆளை விழுத்துமா என்று இராணுவத்துக்குச் சந்தேகம். 1928இல் பன்றிகளைச் சுட்டுப் பார்த்தார்கள், 1930இல் ஆடுகளை. அந்தக் குழுக்களுக்கு வரலாற்றில் நின்ற பெயரே "பன்றிக் குழு", "ஆட்டுக் குழு". சின்னச் சன்னங்கள் பெரியதுக்குக் குறைந்தவை இல்லை என்பதுதான் அந்தச் சோதனைகளில் தெரியவந்தது.

அதே நேரம் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் ஜோன் கரண்ட் என்பவர் ஒரு துவக்கைச் செய்துகொண்டிருந்தார். கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். அவருடைய துவக்கு .276 ரவையில் ஒருதரத்துக்குப் பத்து ரவை கொள்ளும். 1932 தொடக்கத்தில் குழு அதைப் பரிந்துரைத்தது. பரிந்துரை இராணுவத் தலைமை அதிகாரியின் மேசைக்குப் போனது. அவர்தான் டக்ளஸ் மக்ஆர்தர். அவர் மறுத்துவிட்டார்.

அவருடைய காரணம் மிருகங்களின் உடலிலும் இல்லை, துவக்கின் பொறியிலும் இல்லை. களஞ்சியத்தில் .30-06 ரவை மலைபோல் கிடந்தது. இயந்திரத் துவக்குகளும் அதே ரவையைத்தான் சுட்டன. பெரும் பொருளாதார மந்தம், இராணுவத்துக்குக் காசு இல்லை. இருக்கிறதை விட்டுவிட்டுப் புதிசு வாங்க ஏலாது. கரண்ட் தன்ர துவக்கைப் பெரிய ரவைக்கு மாற்றினார். பத்து ரவை எட்டாகியது. எம்1 என்ற பெயரில் 1936இல் அது ஏற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நாற்பது இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

மக்ஆர்தர் பிழை விட்டார் என்று இலேசாகச் சொல்லிவிடலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சம்பளம் குறைகிற காலத்தில், கையிருப்பை எரித்துவிட்டுப் புதிய ஆலை கட்டு என்று ஆர் சொல்லுவார்? அவர் கணக்கு அந்த வருசத்துக்குச் சரி. பிறகு போர் வந்தபோது அமெரிக்க ஆலைகள் பல நூறு கோடி ரவைகளைப் புதிதாகவே செய்தன. அதற்குப் பக்கத்தில் 1932இன் களஞ்சியம் ஒரு சின்னக் குவியல். அந்தச் சின்னக் குவியல் தீர்மானித்த அளவு மட்டும் நின்றுவிட்டது.

லண்டன் தோற்ற வழக்கு

இரண்டாம் உலகப் போருக்குள்ளேயே ஜேர்மனியும் சோவியத் ஒன்றியமும் நடுவழி ஒன்றைப் பிடித்தன. விட்டத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு கோதைக் குட்டையாக்கினார்கள். ஜேர்மனியின் 7.92×33, சோவியத்தின் 7.62×39. இந்த இரண்டாவது இலக்கத்தை ஞாபகத்தில வைச்சிருங்கோ, கடைசியில் திரும்பி வருவோம்.

பிரித்தானியா போரின் பாடத்தை வேறு விதமாக எழுதியது. அவர்களுடைய வடிவமைப்பாளர்கள் 7×43 அளவில் .280 என்ற ரவையையும், அதற்கு ஈஎம்-2 என்ற துவக்கையும் செய்தார்கள். ரவைக்கூடு விசைக்குப் பின்னால் இருக்கிற, அந்தக் காலத்துக்குப் புதுமையான துவக்கு அது. 1951 ஏப்ரலில் தொழிற்கட்சி அரசின் பாதுகாப்பு அமைச்சர் இமானுவேல் ஷின்வெல், இதைத்தான் எடுக்கப்போகிறோம் என்று அறிவித்தார்.

அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நேட்டோ அப்போதுதான் பிறந்த கூட்டணி. போர் வந்தால் எல்லா நாட்டுச் சிப்பாயும் ஒரே ரவையைச் சுட வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒரே கருத்து. எந்த ரவை என்பதில்தான் சண்டை. அமெரிக்க ஆயுதத் துறையில் கேர்ணல் ரெனே ஸ்டட்லர் போன்றவர்கள் .30-06இன் வலுவில் ஒரு துளியும் குறையக்கூடாது என்று நின்றார்கள். புதிய வெடிமருந்து வந்திருந்ததால் அதே வலுவைக் குட்டையான கோதுக்குள் அடக்க முடிந்தது. அதுதான் 7.62×51.

1951 ஒக்ரோபரில் லண்டனில் ஆட்சி மாறியது. வின்ஸ்ரன் சேர்ச்சில் திரும்ப வந்தார். அவருக்கு அமெரிக்கக் கூட்டு, ஒரு துவக்கை விடப் பெரிசு. ஈஎம்-2 கைவிடப்பட்டது. 1953 முடிவில் நேட்டோ 7.62×51ஐ ஏற்றுக்கொண்டது. பிரித்தானியா பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் துவக்கை எஸ்எல்ஆர் என்ற பெயரில் எடுத்தது. அமெரிக்கா 1957இல் தன்னுடைய எம்14ஐ எடுத்தது. ஒரே ரவைதான், ஆனால் துவக்குகள் வேறு வேறு.

இரண்டு தோல்வியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1932இல் 7×51, காரணம் களஞ்சியம். 1951இல் 7×43, காரணம் கூட்டணி. இரண்டு இடத்திலும் துப்பாக்கி மேடையில் கிடைத்த முடிவு ஒன்று, மேசையில் எழுதப்பட்ட முடிவு வேறு.

வத்தகப்பழமும் வியட்நாமும்

இவ்வளவு பிடிவாதம் பிடித்த அமெரிக்கா, பத்து வருசத்துக்குள் அந்த 7.62ஐத் தன்ர சிப்பாய்களின் கையில் இருந்து தானே எடுக்கத் தொடங்கியது.

1952இல் நோர்மன் ஹிச்மன் என்ற ஆய்வாளர் இராணுவத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். போர்க்களத்தில் துவக்குச் சூடு அநேகமாக 300 யாருக்கு உள்ளேதான் நடக்கிறது, அதைத் தாண்டிய குறியெல்லாம் பெரும்பாலும் கற்பனை என்பது அதன் சாரம். அப்படியென்றால் ஏன் இவ்வளவு பெரிய ரவை? சின்னதாக, வேகமாக, உதைக்காமல், நிறையக் கொண்டுபோகக்கூடியதாக ஒன்று இருந்தால் என்ன? எம்14ஐத் தானியங்கியாகச் சுட்டால் தோளில் நிற்காது என்பதும் சீக்கிரம் தெரியவந்தது.

ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் ஏற்கெனவே 7.62 அளவில் ஏஆர்-10 என்ற துவக்கைச் செய்திருந்தார். 1957இல் ஜெனரல் விலர்ட் வைமன் .22 அளவில் அதிவேகத் துவக்கு ஒன்று கேட்டபோது, ஆர்மலைட்டின் பொறியியலாளர்கள் ஏஆர்-10ஐச் சுருக்கி ஏஆர்-15ஐச் செய்தார்கள். சிறு மிருகங்களைச் சுடுகிற .222 வேட்டை ரவையை நீட்டி, பிற்பாடு 5.56×45 ஆகப் போகிற ரவையைச் செய்தார்கள். 3.6 கிராம் சன்னம், செக்கனுக்கு ஏறக்குறைய 990 மீற்றர் வேகம். 1959இல் கோல்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது.

1960 யூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். மேரிலன்டில் ஒரு பண்ணை விருந்து. விமானப்படையின் துணைத் தலைமை அதிகாரி கேர்டிஸ் லெமே கையில் ஏஆர்-15ஐக் கொடுத்தார்கள். இலக்கு வத்தகப்பழம். அவர் சுட்டார், பழம் சிதறியது, அவருக்குப் பிடித்துப்போனது. விமானப்படையின் வாசல் அந்த விருந்தில்தான் திறந்தது.

அடுத்த சோதனை பழத்தில் இல்லை. 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகவரகம், தென் வியட்நாம் சிப்பாய்களுக்கு ஆயிரம் ஏஆர்-15 கொடுத்து, அவை எப்படி வேலை செய்கின்றன என்று எழுதி எடுத்தது. அதில் கொல்லப்பட்டவர்களின் காயங்கள் பட்டியலாக வரும்: எங்கே பட்டது, எவ்வளவு தூரத்தில் இருந்து, உடலுக்கு என்ன நடந்தது. ஒருவருக்கும் பெயர் இல்லை. 1928இல் பன்றி இருந்த நிரலில் இப்போது மனிதர் இருந்தார். அந்த அறிக்கை புதிய துவக்குக்குக் கிடைத்த பலமான சிபாரிசுகளில் ஒன்றாகியது.

துவக்கு எம்16 என்ற பெயரில் அமெரிக்கச் சிப்பாய்களின் கைக்கு வந்தபோது, அது அவர்களையே திருப்பிக் கடித்தது. ரவைக்குள் ஸ்டோனர் பாவித்த வெடிமருந்தை மாற்றி, இராணுவம் 7.62 ரவையில் ஏற்கெனவே பாவித்துப் பழகிய உருண்டை வகை மருந்தைப் போட்டார்கள். அது துவக்கின் சுடும் வேகத்தைக் கூட்டி, உள்ளே கரியையும் படியவைத்தது. ரவை அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. இந்தத் துவக்கைத் துடைக்கத் தேவையே இல்லை என்ற கதை வேறு பரவியிருந்தது; துடைக்கிற உபகரணமும் போதவில்லை. ஈரக் காட்டில் கோதுகள் குழலுக்குள் இறுகின. சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் காங்கிரசுக்குப் போயின. 1967இல் ரிச்சர்ட் இக்கோர்ட் தலைமையிலான உபகுழு விசாரித்து, இராணுவத்தின் அசட்டை குற்றத்தின் எல்லைக்குக் கிட்ட நிற்கிறது என்று எழுதியது.

1932இல் களஞ்சியத்தில் கிடந்த ரவை. 1960களில் ஏற்கெனவே வாங்கிப் பழகிய மருந்து. ஒரே பழக்கம், இரண்டாம் முறை உயிர்களை எடுத்தது.

பிறகு குறைகள் திருத்தப்பட்டன, குரோம் பூச்சு வந்தது. 1974இல் சோவியத்தும் 5.45 என்ற சின்ன அளவுக்குப் போனது. 1980இல் நேட்டோ பெல்ஜியத்தின் 5.56 ரவையைத் தன் இரண்டாவது பொது அளவாக ஏற்றது. பிரித்தானியா கேட்ட சின்ன ரவை கடைசியில் வந்தேவிட்டது; ஆனால் அவர்கள் கேட்ட ஏழு இல்லை, அதைவிடச் சின்னது.

இரண்டு ஊசியில் நிற்கிற துவக்கு

கோல்ட் நிறுவனம் 1964 முதல் ஏஆர்-15ஐ அரைத் தானியங்கி வடிவில் பொதுமக்களுக்கு விற்றது. 1970களின் முடிவில் ஸ்டோனரின் காப்புரிமைகள் காலாவதியாகின. அதற்குப் பிறகு ஆர் வேண்டுமானாலும் செய்யலாம்.

இந்தத் துவக்கின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் இரண்டு ஊசிகளில் பொருந்தி நிற்கின்றன. குழல் மேற்பகுதியில். விசையும் ரவைக்கூடு செருகும் வாயும் கீழ்ப்பகுதியில். அமெரிக்கச் சட்டப்படி தொடர் இலக்கம் பொறித்த கீழ்ப்பகுதிதான் "துவக்கு". மற்றதெல்லாம் உதிரிப்பாகம். ஒரு கீழ்ப்பகுதியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மேற்பகுதிகளை வாங்கலாம். இராணுவம் நிறையப் பேருக்குச் சேர்த்து ஒருதரம் எடுக்கிற முடிவை, இங்கே ஒருவர் சனிக்கிழமைக் கடையில் தன்பாட்டுக்கு எடுக்கலாம்.

அப்படித்தான் வெளிப்பார்வைக்குத் தெரிகிறது. உண்மையில் அந்தத் தெரிவுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது: ரவைக்கூட்டின் வாய். 1950களில் 5.56க்கு என்று வெட்டின அளவு அது. ஏறக்குறைய 57 மில்லிமீற்றரை விட நீளமான ரவை அதற்குள் போகாது. எவ்வளவு கெட்டித்தனமாகப் புதிய கலிபர் கண்டுபிடித்தாலும் அந்த வாய்க்குள் அடங்க வேண்டும்.

2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில், குட்டைக் குழலில் இருந்து சுட்ட 5.56 தூரத்தில் வலுவிழக்கிறது என்று முறைப்பாடுகள் வந்தன. அமெரிக்க விசேட படையைச் சேர்ந்த சிலரும், இராணுவத்தின் குறிசுடும் பிரிவினரும் புதிய ரவை தேடினார்கள். 1906இல் வந்த ஒரு பழைய ரெமிங்டன் வேட்டை ரவையின் கோதை எடுத்து வெட்டி, ஏழு மில்லிமீற்றர் சன்னத்தைப் பொருத்தினார்கள். அதன் பெயர் 6.8 எஸ்பிசி. அளவைப் பாருங்கோ: 6.8×43. ஐம்பது வருசத்துக்கு முதல் லண்டனில் கைவிடப்பட்டது 7×43. பிரித்தானிய ரவையும் இதுவும் ஒன்றல்ல. கோதின் தடிப்பு வேறு. ஆனால் ஒரே கேள்விக்கு விடை தேடின ஆக்கள் ஏறக்குறைய அதே வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

2003இல் 6.5 கிரெண்டல் வந்தது. பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃபில் வருகிற அரக்கனின் பெயர் கிரெண்டல். நீளம் கூட்ட ஏலாதபடியால் கோதைக் கட்டையாகவும் தடிப்பாகவும் செய்தார்கள். அந்தக் கோதின் பரம்பரையைத் தேடிப் போனால் சோவியத்தின் 7.62×39இல் போய் முடியும். அமெரிக்கத் துவக்கில் போடுகிற ரவை, கலாஷ்னிகோவ் ரவையின் பேரப்பிள்ளை.

2011இல் அங்கீகரிக்கப்பட்ட .300 பிளக்அவுட் வேறு விதமாக யோசித்தது. 5.56 கோதையே 35 மில்லிமீற்றருக்குக் குட்டையாக்கி, வாயை அகட்டி, .30 சன்னத்தை வைத்தார்கள். குழலை மட்டும் மாற்றினால் போதும். ரவைக்கூடும் மற்றப் பாகங்களும் பழையவை. ஒலியை விட மெதுவாகப் போகும் பாரமான சன்னத்தோடு, சத்தம் அடக்கும் கருவிக்கு அது நன்றாகப் பொருந்தியது. ஆனால் அந்த ஒற்றுமையே ஆபத்தும்: மாறிப்போய் 5.56 துவக்குக்குள் இந்த ரவை ஏறினால், பெரிய சன்னம் சின்னக் குழலுக்குள் இறுகித் துவக்கு வெடிக்கலாம்.

இவ்வளவு மாற்றுகள் இருந்தும் அங்கே அதிகம் விற்பது இன்றைக்கும் 5.56தான். காரணம் கேட்டால் வாங்குகிறவர் சொல்லுவார்: ரவை மலிவு, எங்கேயும் கிடைக்கும். மக்ஆர்தரின் கணக்கும் இதுதான்.

ஏழு வந்து சேர்ந்த வருசம்

2022 ஏப்ரலில் அமெரிக்க இராணுவம் எம்4 துவக்குக்குப் பதிலாக சிக் சவர் நிறுவனத்தின், பிற்பாடு எக்ஸ்எம்7 என்று பெயர் பெற்ற துவக்கைத் தெரிவுசெய்தது. ரவை 6.8×51. பெடர்சனின் ரவை 7×51. தொண்ணூறு வருசம் கழித்து ஏழு மில்லிமீற்றர் உள்ளே வந்துவிட்டது.

வந்தது அதே ஏழு இல்லை. பெடர்சனும் பிரித்தானியரும் ஏழைக் கேட்டது, ரவையை இலேசாக்கவும் உதைப்பைக் குறைக்கவும். 2022இன் ஏழு, நவீன உடற்கவசத்தைத் துளைக்கவும் தூரம் போகவும் வந்தது. கோதுக்குள் அழுத்தம் மிகக் கூட. அதைத் தாங்க அடிப்பகுதியை உருக்கில் செய்திருக்கிறார்கள். முப்பது ரவை கொண்ட ரவைக்கூடு இருபதாகியது. சிப்பாய் ஒருவர் கொண்டுபோகும் 210 ரவை 140 ஆகியது. கரண்டின் பத்து எட்டானது போலத்தான் இதுவும். பெரிய ரவைக்கு எப்போதும் கொடுக்கிற விலை. இலேசுக்காகக் கேட்ட அளவு கடைசியில் பாரத்தோடு வந்து சேர்ந்தது.

அந்த அறிவிப்பு வந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், மே 24 அன்று, ரெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குள் 18 வயது இளைஞர் ஒருவர் ஏஆர்-15 வகைத் துவக்கோடு புகுந்தார். 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். அடையாளம் காண்பதற்காகப் பெற்றோரிடம் டிஎன்ஏ மாதிரி கேட்க வேண்டிவந்தது. அந்தத் துவக்கு சுட்டது, "வலு போதாது" என்று இருபது வருசமாக முறைப்பாடு சொல்லப்பட்ட அதே 5.56.

இந்த இடத்தில் நாங்கள் கனநேரம் நின்றோம். "வலு போதாது" என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. 500 மீற்றரில், கவசம் போட்ட சிப்பாய்க்கு அது போதாமல் இருக்கலாம். ஒரு வகுப்பறையின் நீளம் எவ்வளவு? கலிபர் விவாதத்தில் தூரம் இருக்கும், வேகம் இருக்கும், கிராம் இருக்கும், விலை இருக்கும். சன்னம் போய் முடிகிற இடத்துக்கு மட்டும் "இலக்கு" என்று ஒரு பொதுப்பெயர். பன்றிக்கும் வத்தகப்பழத்துக்கும் பெயரில்லாத வியட்நாமியருக்கும் அதே ஒரு சொல்தான்.

எங்கட மண்ணில விழுந்த இலக்கங்கள்

இது அமெரிக்கக் கதை, எங்களுக்கு என்ன என்று ஆரும் கேட்கலாம். முன்னுக்கு ஞாபகத்தில வைச்சிருக்கச் சொன்ன இலக்கம் 7.62×39. ரி-56 சுட்டது அதைத்தான். 1943இல் சோவியத்தில் வடிவமைத்த ரவை, கலாஷ்னிகோவின் சீனப் பிரதியில் ஏறி இங்கே வந்தது. இலங்கை இராணுவத்தின் கையில் இருந்த எஸ்எல்ஆர், நேட்டோ மேசையில் முடிவான 7.62×51ஐச் சுட்டது. இங்கே ஒருத்தரும் அளவு தெரிவுசெய்யவில்லை. வேறு நாடுகள் தங்கட களஞ்சியத்தையும் கூட்டணியையும் பார்த்து எழுதின இலக்கங்கள் இங்கே வந்து விழுந்தன. ரி-56 இரண்டு பக்கத்திடமும் இருந்தது. ஒரு பக்கத்திடம் பறித்த ரவை மற்றப் பக்கத்தின் துவக்குக்குப் பொருந்தியது. நேட்டோ கனவு கண்ட "பொது ரவை" இங்கே எதிரிகளுக்கிடையில் நடந்தேறியது.

வன்னியில் தோட்டம் கொத்தேக்க வெறும் கோது வாறது புதினமில்லை. எங்களில் சிலர் சின்ன வயதில் அதை வாயில் வைத்து விசில் ஊதியிருக்கிறோம். அதன் நீளத்தை நாங்கள் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. இந்தக் கட்டுரைக்காக ஒன்றை எடுத்து அடிமட்டத்தில் வைத்தோம்: முப்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைய. இந்த அளவு எங்கே இருந்து வந்தது என்று இப்ப எங்களுக்குத் தெரியும். அதில் இருந்து பறந்த சன்னம் எங்கே போய் முடிந்தது என்பதை எந்த அறிக்கையும் எழுதி வைக்கவில்லை.